கூரையில் போட்ட ஓட்டை

ஜூன் 6

ரேடியோக்காரருக்கு,

நீங்கள் போட்ட ஓட்டை ஒழுகுகிறது.

நலமா என்று கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நேற்று கண் பரிசோதனை முகாமுக்குக் காரில் கொண்டுபோன மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் பெட்டி முழுக்க நனைந்துவிட்டது. உள்ளே இருந்த அட்டை டப்பாக்கள் கூழாகிவிட்டன. ஊருக்கெல்லாம் கண்ணைச் சோதிக்கிறவளுக்குத் தன் தலைக்கு மேலே சொட்டுவது தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. இத்தனை நாளும் துணியைச் செருகிச் சமாளித்தேன். இனி முடியாது.

இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல வண்டில யாரும்மா இப்படி ஓட்டை போட்டது?" என்றார். என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கும்போதே இருந்தது என்று சொல்லிவிட்டேன். அவர் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்கிறார். உள்ளே கூரைத் துணி இருக்கிறது, உங்கள் கேபிள் ஓடுகிறது, பற்றிக்கொண்டால் யார் பதில் சொல்வது? போட்டவருக்குத்தான் அடைக்கவும் தெரியும். உங்கள் ஹாம் ரேடியோ ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஓட்டையை ஒரேயடியாக மூட என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

போன் செய்ய வேண்டாம். போனில் ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். தாளில் எழுதினால் நடுவில் குறுக்கே பேச முடியாது. அது ஒரு நிம்மதி.

கண்ணாடி

(நீங்கள் வைத்த பெயர்தான். இங்கே எல்லோரும் மேடம் என்கிறார்கள்.)


ஜூன் 11

கண்ணாடிக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கையில் இருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் பட்டறைக்கு வெளியே வந்துவிட்டேன். "என்னய்யா, ஷாக் அடிச்சிடுச்சா?" என்று முதலாளி கேட்டார். பிரித்துப் பார்த்தால் ஓட்டை ஒழுகுகிறது என்று இருக்கிறது. பரவாயில்லை. அதையாவது எழுதினாயே.

முதலில் ஒன்று. நான் போட்ட ஓட்டை ஒழுகாது. எத்தனை வண்டிக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்த்திருக்கிறேன், எத்தனை கூரையில் ஆன்டெனா மாட்டியிருக்கிறேன், ஒரு வண்டி ஒழுகி வந்ததில்லை. நீ காரை வெட்ட வெயிலில் நிறுத்துகிறாய். அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருக்கும். புது வளையம் இதோடு வைத்திருக்கிறேன். கம்பியின் அடிப்பாகத்தைக் கையாலேயே இடப்பக்கம் திருகு, கழன்று வரும். பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு இறுக்கு. அவ்வளவுதான் வேலை.

ஒரேயடியாக மூடுவதை இப்போது செய்யாதே. மழையில் செய்யக்கூடாது. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் தகடு துருப்பிடிக்கும். மழை விடட்டும். விட்டாலும் உடனே கூடாது, தகடு நன்றாகக் காய வேண்டும்.

மலைப் பாதையில் போன் எடுக்காத இடம் எவ்வளவு இருக்கிறது என்று உனக்கே தெரியும். அங்கே கூப்பிட்டுப் பேச அந்தக் கம்பி ஒன்றுதான் துணை. காந்தம் வைத்த ஆன்டெனா வளைவுக்கு வளைவு நழுவுகிறது, பெயிண்டைக் கீறுகிறது என்று நீதான் குறை சொன்னாய். அதனால்தான் ஓட்டை. அதையும் குற்றமாக்கிவிட்டாய்.

நம் ஹாம் கூட்டத்துப் பல் டாக்டர் தினமும் சாயங்காலம் ரேடியோவில் உன்னை விசாரிக்கிறார். வழக்கம்போல அவர் கேள்விக்கு அவரே பதிலும் சொல்லிக்கொள்கிறார். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களோடு பேசிப் பேசி வந்த பழக்கம் என்று நீ சொல்வாயே, அது இன்னும் போகவில்லை.

எதற்கு ஒரேயடியாக மூட வேண்டும்? அதைச் சொல்லவில்லையே.

ரேடியோ


ஜூன் 16

ரேடியோக்காரருக்கு,

வளையம் வந்தது. மாட்டினேன். ஒழுகல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஒருநாளும் ஒழுகாத உங்கள் ஓட்டைகளின் வரிசையிலிருந்து இதைத் தள்ளி வையுங்கள்.

கேட்டீர்கள், சொல்கிறேன். காரை விற்கப் போகிறேன். தற்காலிகமாக என்று வந்த வேலையை நிரந்தரமாக்குகிறார்கள். மாதக் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஆஸ்பத்திரி வண்டியும் டிரைவரும் உண்டு. இங்கே மருந்தகத்தில் வேலை செய்யும் அம்மா காரை எடுத்துக்கொள்கிறார். ஒழுகாமல் கொடுத்தால் போதும் என்றார். இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டால் நான் இங்கேதான். அதைத் தடுக்கத்தான் நீங்கள் மழையைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. தகடு காய இரண்டு கோடைக்காலம் வேண்டும் என்று எழுதாமல் விட்டீர்களே.

ஓட்டையைக் குற்றமாக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் குற்றச்சாட்டு ஓட்டை இல்லை. அந்தக் கார் நான் என் சம்பளத்தில் வாங்கியது. என் பேரில் நான் வாங்கிய முதல் பொருள். அதன் கதவில் யாராவது சாய்ந்தால்கூட எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகும், உங்களுக்குத் தெரியும். அக்காவைப் பார்க்கப் பஸ்ஸில் போய்விட்டு வந்து கேட்டைத் திறக்கிறேன், டிக்கிக் கதவு மேலே தூக்கி நிற்கிறது, கூரைத் துணி தொங்குகிறது, கூரையின் பின்பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கிறது கம்பி. நீங்கள் தலையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டே, "பாத்தியா, இனிமே நழுவாது" என்றீர்கள்.

கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆத்திரம். வேண்டாம் என்று சொல்லப் போகிறவளிடம் கேட்காமல் செய்தால் அதில் ஒரு நியாயமாவது இருக்கும்.

வீட்டில் நீங்கள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். ரேடியோ முன்னால் உட்கார்ந்தால் முகம் தெரியாத ஆளிடம், "அங்க மழையா? உங்க முழங்கால் எப்படி இருக்கு?" என்று விசாரணை. உங்களிடம் பேச வேண்டும் என்பதற்காகவே நான் ஹாம் பரீட்சை எழுதி ரேடியோ லைசென்ஸ் வாங்கினேன். உங்களைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கினேன், அதை நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. வாங்கி என்ன பயன்? காரில் போகும்போது கூப்பிட்டு, ஊரே கேட்டுக்கொண்டிருக்க, "சாப்ட்டியா, ஓவர்" என்பீர்கள். "சாப்ட்டேன், ஓவர்" என்பேன். நம் குடித்தனம் அதுதான்.

மூடுவது எப்படி என்று நேராக எழுதுங்கள்.

கண்ணாடி


ஜூன் 21

கண்ணாடிக்கு,

வேலை நிரந்தரமானதற்கு வாழ்த்துகள் என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ சொன்னதில் பாதி சரி. கேட்டிருக்க வேண்டும். வீட்டில் எனக்குப் பேச்சு வராது என்பதும் சரிதான். எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு யாராவது பதிலுக்குக் காத்திருந்தால் எனக்கு நாக்கு எழாது. மைக்கில் அந்தத் தொல்லை இல்லை. இதைச் சொல்லாமலே உனக்குப் புரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

மீதிப் பாதியை நானும் கேட்க வேண்டும். அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு வாரம் இரண்டு பேரும் பேசவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்த மலை ஊர் வேலைக்குத் திடீரென்று சரி சொல்லிவிட்டுப் பெட்டியைக் காரில் ஏற்றினாய். நான் பட்டறையில் இருந்தபோது கிளம்பிவிட்டாய். விஷயம் தெரிந்ததும் ஓடிவந்து ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். சாயங்காலம் முழுக்கக் கூப்பிட்டேன். லைசென்ஸில் உனக்குக் கொடுத்த அழைப்புக்குறியைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. காரில் ரேடியோ செட் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். சாவியைத் திருகினால் அது தானாக உயிர் பெறும், நான்தான் அப்படி இணைத்தேன். நீ கேட்டுக்கொண்டே போயிருக்கிறாய். ஒரு சொல் பதில் சொல்லவில்லை.

வேண்டாம், வர மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மைக்கை எடுத்துக் கையால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால்கூடப் போதும், உயிரோடு இருக்கிறாள், கோபத்தில் இருக்கிறாள் என்று தெரிந்திருக்கும். அந்த மௌனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு உன்னை எப்படி வா என்று கூப்பிடுவது? கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாதவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? போன் செய்த நாட்களில் நான் எரிந்து விழுந்ததற்குக் காரணம் இதுதான். இப்போது சொல்லிவிட்டேன்.

ரேடியோ


ஜூன் 26

உங்கள் கடிதத்தை மூன்று நான்கு தடவை படித்தேன். முதல் தடவை பொய் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்குக் கோபம் வரும், பிடிவாதம் வரும், பொய் வராது. அதனால் கேட்கிறேன். பதில் வரவில்லையா?

நான் பதில் சொன்னேன்.

மலை ஏறுவதற்கு முன்னால் சாலையோரம் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. டயரில் காற்று இறங்கியிருந்தது, அங்கே நிறுத்தியிருந்தேன். செட்டில் உங்கள் குரல் வந்தது. பக்கத்தில் நின்று பேசுவது போல அவ்வளவு தெளிவு. "கேக்குதா, பதில் சொல்லு, ஓவர்" என்று நீங்கள் சொல்லச் சொல்லக் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யாரோ உங்களத்தான் கூப்பிடுறாங்க போல, பேசுங்கம்மா" என்றார். பேசிக்கொண்டுதான் இருந்தேன். கதவையெல்லாம் சாத்திக்கொண்டு, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நீங்கள் காதில் வாங்காத மாதிரி உங்கள் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் கேட்கவில்லை போல என்று காத்திருந்து, நீங்கள் நிறுத்தியதும் மறுபடி சொன்னேன்.

அப்புறம் பல் டாக்டர் வந்தார். "என்னாச்சு, வீட்டம்மா இல்லையா?" என்று அவர் கேட்டதும் நீங்கள் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா டாக்டர். போறவ போகட்டும், விடுங்க." அதன் பிறகு இரண்டு பேரும் ஏதோ ஒரு லாரிக்கு மாட்டிய ஆன்டெனாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். நடுவில் சிரித்தீர்கள்.

செட்டை அணைத்தேன். காற்று அடித்தாகிவிட்டது என்று கடைக்காரர் வந்து சொன்னார். மலை ஏறிவிட்டேன். மேலே போன பிறகு போன் வேலை செய்தது. நீங்களும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அதற்குப் பதிலாகத்தான் போகட்டும் என்றீர்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். இப்போது எழுத முடியாது.


ஜூலை 1

கண்ணாடிக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. அப்போது பட்டறையில் நம் கார் மாதிரியே ஒரு கார் ஆன்டெனா மாட்ட வந்து நின்றது. நில அளவை செய்கிறவர் ஒருவருடையது. கடவுள் கொண்டுவந்து நிறுத்தினாரோ என்னவோ, எனக்குச் சந்தோஷமாக இல்லை.

அதன் கூரையின் பின்பக்கம் கம்பியைப் பொருத்தினேன். டிக்கிக் கதவைத் தூக்கிவிட்டு, அதன் அடியில் நின்று, அன்றைக்கு நம் வாசலில் செய்தது போலவே கம்பியின் நீளத்தை வைத்தேன். செட் அனுப்புகிற சக்தி ஆன்டெனா வழியாக வெளியே போகிறதா, ஏற்காமல் திரும்பி வருகிறதா என்று காட்டும் மீட்டர் உனக்குத் தெரியும். முள் அடியில் படுத்துக் கிடந்தது. அருமை. பிறகு டிக்கியைச் சாத்தினேன். தள்ளி நின்றுகொண்டு, கார்க்காரரை உள்ளே உட்கார்ந்து மைக்கை அழுத்தச் சொன்னேன். "முள்ளு அந்தக் கடைசிக்குப் போயிடுச்சு சார்" என்றார். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூஞ்சி ஏன்யா இப்படி ஆயிடுச்சு?" என்றார்.

ஆன்டெனா என்றால் கம்பி மட்டும் இல்லை. வண்டியின் தகடு முழுவதும் அதில் சேர்த்தி. தூக்கி நிற்கும் டிக்கிக் கதவு அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புச் சுவர். நானும் ஒரு கையைக் கதவில் வைத்து நின்றிருந்தேன். அந்த நிலையில் சரியாக இருந்த நீளம், கதவு இறங்கி நானும் விலகிய பிறகு சரியாக இருக்காது. சக்தி திரும்பி வந்தால் செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அனுப்புவதைக் குறைத்துவிடும். கேட்பதற்கு அந்தச் சக்தி தேவையில்லை. அதனால் என் குரல் உனக்குத் தெளிவாக வந்திருக்கிறது. உன் குரல் பஞ்சர் கடையையே தாண்டியிருக்காது.

எல்லாக் கதவையும் சாத்தி, எல்லோரும் விலகி நின்று, கடைசியாக ஒரு தரம் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் வண்டியில் அதை நான் ஒருநாளும் விட்டதில்லை. அன்றைக்கு அந்த வேலை பாக்கி இருந்தபோதுதான் நீ கேட்டைத் திறந்தாய். சண்டை வந்தது. கருவிகளை அள்ளிப் பையில் போட்டு டிக்கியை ஓங்கிச் சாத்திவிட்டு உள்ளே போனேன். அப்புறம் அந்தக் காரைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று வீம்பு. ஊரில் யார் யார் வண்டிக்கோ பார்த்துப் பார்த்துச் செய்தவன், பெண்டாட்டி வண்டியை அரைகுறையாக அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது கம்பியின் தவறு இல்லை. போறவ போகட்டும் என்று டாக்டரிடம் சொன்னேன் இல்லையா, நீ கேட்டுக்கொண்டிருப்பாய் என்று தெரிந்துதான் சொன்னேன். உனக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். சிரித்ததும் அதற்காகத்தான். அன்று டாக்டர் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இப்போதாவது அதைச் சரி செய்துவிடு. கம்பியின் மேல் துண்டு அடித்துண்டுக்குள் நுழைகிற இடத்தில் சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி மேல் துண்டை நக அகலத்துக்கு வெளியே இழு. திருகை இறுக்கு. உள்ளே வந்து உட்கார்ந்து எல்லாக் கதவையும் சாத்து. செட்டைக் குறைந்த சக்தியில் வைத்து, உன் அழைப்புக்குறியைச் சொல்லி மைக்கை அழுத்து. திரும்பி வரும் சக்தியைக் காட்டும் ஒரு பட்டை செட்டின் முகப்பில் இருக்கிறது. அது ஏறினால் இறங்கிப் போய் இன்னும் கொஞ்சம் இழு. பட்டை நன்றாக இறங்கும்வரை இப்படியே செய். யாரையும் காருக்குப் பக்கத்தில் நிற்க விடாதே. நீ கம்பியைத் தொடும்போது வேறு யாரும் மைக்கை அழுத்தக்கூடாது, விரல் வெந்துவிடும்.

நீ முதலில் கேட்டதற்கும் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டையின் விளிம்பில் துருவைச் சுரண்டி, பிரைமர் தடவிக் காயவிடு. ஓட்டைக்குள் செருகும் ரப்பர் மூடியை இதோடு வைத்திருக்கிறேன். அதன் அடியில் சிலிக்கான் பசை தடவி அழுத்தி வைத்து, ஒரு பகல் முழுக்கத் தொடாதே. வெல்டிங் வேண்டாம். மழைக்காலத்திலும் செய்யலாம், மேலே ஒரு கூரை இருந்தால் போதும்.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா?

ரேடியோ


ஜூலை 6

ரேடியோக்காரருக்கு,

கையெழுத்து முப்பதாம் தேதியே போட்டாகிவிட்டது. உங்கள் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

நேற்று முகாம் முடிந்து வந்ததும் நீங்கள் சொன்னபடி பார்த்தேன். முதலில் எதையும் மாற்றாமல் டிக்கியைத் தூக்கிவிட்டு, முன்னால் வந்து மைக்கை அழுத்தினேன். பட்டை கீழேயே கிடந்தது. டிக்கியைச் சாத்திவிட்டு வந்து அழுத்தினேன். கிடுகிடுவென்று ஏறியது. நம்பாமல் மறுபடி திறந்தேன், சாத்தினேன், திறந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "டிக்கி லாக் ரிப்பேராங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, அழுதேன்.

ஒரு டிக்கிக் கதவு. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

நீங்கள் உறைக்கட்டும் என்று சொன்னதை ஒப்புக்கொண்டீர்கள். நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். மலை ஏறியதும் போனை எடுத்து உங்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் கூப்பிடட்டும் என்று வைத்துவிட்டேன். ரேடியோ பழுதாகலாம் என்று ரேடியோ பரீட்சையில் உங்களை மிஞ்சியவளுக்குத் தோன்றவில்லை. உங்களைச் சந்தேகப்பட்ட வேகத்தில் கம்பியைச் சந்தேகப்பட மறந்துவிட்டேன்.

இன்று கம்பியை இழுத்து இழுத்துச் சரி செய்துவிட்டேன். மருந்தகத்து அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து காரை எடுத்துக்கொள்கிறார். ஓட்டையை அடைத்துக் காயவிட நாள் வேண்டும், அதனால் வியாழக்கிழமை, நீங்கள் வழக்கமாக உட்காரும் நேரத்தில், வழக்கமான அலைவரிசையில் ஒரு தடவை பேசுகிறேன். பஞ்சர் கடைக்கே இறங்கிப் போய் அங்கிருந்து பேசுகிறேன். அன்று சொன்னதையே சொல்வேன். இது சோதனைக்குத்தான். அன்று என் குரல் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் செட்டை அணைத்துக் கழற்றிவிடுவேன். பதில் சொல்லாதீர்கள். கேட்டதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

கண்ணாடி


ஜூலை 12

கண்ணாடிக்கு,

கேட்டது.

மத்தியானமே பட்டறையில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஜன்னல் பக்கத்து மேசையைத் துடைத்தேன். உனக்குப் பிடிக்காத அந்தக் கிரீச்சிடும் நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தேன், சத்தம் வந்து உன் குரலில் ஒரு சொல் விட்டுப் போகக்கூடாது என்று. டாக்டரிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இந்த அலைவரிசையில் யாரும் பேசாமல் இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன். அந்த மனிதர் எல்லோரையும் அடக்கித் தானும் அடங்கினார். அவர் அவ்வளவு நேரம் வாய் மூடி இருந்ததை நான் பார்த்ததில்லை.

உன் அழைப்புக்குறி வந்தது. நம் அறைக்குள் இருந்து பேசுவது மாதிரி வந்தது. பின்னால் லாரி போகிற சத்தம்கூடக் கேட்டது.

"பஞ்சர் கடைகிட்ட நிக்கிறேன். இன்னும் மலை ஏறல. ஓட்டை போட்டது போட்டாச்சு, அத விடுங்க. ஒரே ஒரு தடவை வந்துடுன்னு சொல்லுங்க, வண்டியத் திருப்பிடறேன். ஓவர்."

அப்புறம் சோதனை முடிந்தது, அணைக்கிறேன் என்றாய். அத்தோடு நின்றுவிட்டது.

இதையா அன்று சொன்னாய்? இதற்கா நான் போகட்டும் என்றேன்? அன்று இது என் காதில் விழுந்திருந்தால் பதில் சொல்லி மைக்கைக் கீழே வைத்திருக்க மாட்டேன், நீ கேட்டுக்குள் வந்து சேரும்வரை. பேசத் தெரியாதவனிடம் நீ ஒரே ஒரு சொல்தான் கேட்டிருக்கிறாய். அதுவும் எந்தச் சொல் என்று எடுத்துக் கொடுத்திருக்கிறாய். அதற்குக்கூட நான் வாய் திறக்காத ஆளாக இத்தனை மாதம் உன் மனதில் உட்கார்ந்திருந்தேனே.

பதில் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். செட்டை அணைத்துவிட்டாய் என்றும் தெரியும். தெரிந்தும் மைக்கை எடுத்தேன். "வந்துடு" என்றேன். கேட்டிருக்காது என்று மறுபடியும் சொன்னேன். "வந்துடும்மா, நான் வாசல்லயே நிக்கிறேன்" என்று என்னென்னவோ சொன்னேன். ஓவர் சொல்ல மறந்துவிட்டேன். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர்தான் மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொன்னது இங்க எங்க எல்லாருக்கும் கிடைச்சுது. அவங்களுக்குக் கிடைச்சிருக்காது. எழுதிப் போடுங்க."

அதனால் எழுதுகிறேன். உன் கையெழுத்து, கார், வேலை எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். வந்துடு.

ரேடியோ


ஜூலை 24

ரேடியோக்காரருக்கு,

உடனே பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் நாளைக்கு எழுதலாம் என்று தோன்றியது. உங்களைக் காக்க வைக்க வேண்டும் என்று செய்யவில்லை. உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போய்வந்தேன்.

அன்றைக்கு நீங்கள் அதைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பேன். அதில் சந்தேகம் இல்லை. வண்டி இன்ஜினைக்கூட நான் அணைக்கவில்லை. இன்றைக்கு நீங்கள் சொல்வது பொய் இல்லை என்றும் தெரியும். ஆனால் அன்று பஞ்சர் கடையில் நின்றவளாக இன்று நான் இல்லை. இந்த ஊருக்கு வந்து முதல் வாரம் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதவளும், இப்போது தன் சாவியில் தானே கதவைத் திறந்து விளக்கைப் போடுகிறவளும் வேறு வேறு ஆள் மாதிரி இருக்கிறது. நடுவில் நடந்ததை எல்லாம் நீங்கள் பார்க்கவில்லை. உங்களுக்கு நடந்ததை நானும் பார்க்கவில்லை.

இத்தனை மாதமாக உங்கள் மேல் கோபமாக இருந்தேன். காலையில் எழுந்ததும் உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டுதான் காபி போடுவேன். வியாழக்கிழமையோடு அது போய்விட்டது. போன பிறகுதான் தெரிகிறது, என்னை உங்களோடு கட்டி வைத்திருந்தது அது ஒன்றுதான் என்று. கோபம் போன இடத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். வருத்தம் இருக்கிறது. அது நிறைய இருக்கிறது. அதை மட்டும் நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது.

அதனால் வரவில்லை. மன்னியுங்கள்.

செட்டும் கம்பியும் கேபிளும் தனிப் பார்சலாக வருகின்றன. கம்பியில் நான் வைத்த நீளத்தைத் திருகு இறுக்கியபடியே விட்டிருக்கிறேன். டாக்டரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள், அவரைப் பற்றிச் சொன்ன கேலியைச் சொல்லாதீர்கள். சாப்பாட்டு நாற்காலியை மேசைக்கே திருப்பி வையுங்கள், சாப்பிடும்போது யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள்.

நேற்று நல்ல மழை. மருந்தகத்து அம்மா என்னை அந்தக் காரிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார். பின்சீட்டில் உட்கார்ந்து, நீங்கள் சொன்னபடி நான் அடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கண்ணாடி